வேரைக் காக்கும் நறுமணம்

நுழையும்முன்

இலையில் தோன்றும் நோயைக் கண் உடனே காண்கிறது. வேரில் தோன்றும் நோயோ, மரம் மெலிந்து வாடும்போதுதான் வெளிப்படுகிறது. வேரைத் தாக்கும் பூஞ்சைகளை ஒடுக்குவதற்குக் கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் முதலியவற்றின் நறுமண எண்ணெய்கள் துணைசெய்யுமா என்பது இன்றைய வேளாண் அறிவியல் ஆராயும் வினாக்களுள் ஒன்று. தென்னையின் வாடல் நோயைச் சான்றாகக் கொண்டு, அவ்வினாவின் இரு பக்கங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

கண்ணுக்குப் புலனாகாத நோய்

மண்ணுக்குமேல் நாம் காணும் மரம், முழு மரத்தின் ஒரு பகுதியே. மற்றொரு பகுதி மண்ணுக்குள் இருந்து நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. மரத்தைக் காற்றில் சாயாமல் நிறுத்துகிறது. இவ்விரு பணிகளையும் செய்யும் வேரைப் பூஞ்சை தாக்கும்போது மரம் உடனே மடிவதில்லை. எஞ்சிய வேர்களைக் கொண்டு சில காலம் தாக்குப்பிடிக்கிறது. அந்த இடைக்காலத்தில் ஓலையும் காயும் ஓரளவு இயல்பாகவே தோன்றுவதால், உழவர் ஐயம் கொள்வதற்கு இடமில்லாமல் போகிறது. அறிகுறி தெரியும் வேளையில் வேர்களின் பெரும்பகுதி அழுகியிருக்கும். வேர்நோயின் கொடுமை அதன் வேகத்தில் இல்லை; அதன் மறைவில் இருக்கிறது.

நெல்லிலோ கடலையிலோ நோய் வந்தால் ஒரு பருவத்து விளைச்சல் கெடும். அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். தென்னை அத்தகையதன்று. நட்டு, நீரூற்றி, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்த பிறகே நெட்டை மரம் காய்க்கத் தொடங்கும். பின்னர் அறுபது ஆண்டுகளும் அதற்கு மேலும் பயன்தரும். ஆகவே, ஒரு தென்னையை இழப்பது என்பது ஒரு குடும்பம் இரண்டு தலைமுறைக்கு நம்பியிருந்த வருவாயை இழப்பதாகும்.

தஞ்சாவூர் வாடல் நோய்

1952ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெரும்புயல் ஒன்று நாகப்பட்டினக் கரையைத் தாக்கியது. அதன் பிறகு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளில் மரங்கள் வாடி மடியும் நோய் ஒன்று அறியப்பட்டது. இடத்தின் பெயரால் அது ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்று வழங்கலாயிற்று. தண்டின் அடிப்பகுதி அழுகுவதால் ‘அடித்தண்டழுகல் நோய்’ எனவும் அதனைக் குறிப்பர். இந்நோய்க்குக் காரணம் ‘கானோடெர்மா’ என்னும் பூஞ்சை இனமாகும்.

கானோடெர்மா மரக்கட்டையை உண்டு வாழும் பூஞ்சை. கட்டைக்கு உறுதியளிக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கும் ஆற்றல் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று. மண்ணில் கிடக்கும் பழைய அடிக்கட்டைகளிலும் வேர்த்துண்டுகளிலும் இது பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும். நோயுற்ற வேரும் நலமான வேரும் மண்ணுக்குள் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்குக் கடந்து செல்லும்.

நோயின் அறிகுறிகள் படிப்படியாகத் தோன்றுகின்றன. அடிமட்டைகள் மஞ்சளாகிப் பழுத்துத் தண்டையொட்டித் தொங்குகின்றன. குரும்பைகள் உதிர்கின்றன, காய்களின் எண்ணிக்கை குறைகிறது. தண்டின் அடிப்பகுதியில் வெடிப்புகள் தோன்றி, அவற்றின் வழியே செம்பழுப்பு நிற நீர் கசிகிறது. இறுதியில், தண்டின் அடியில் மேற்புறம் மெருகிட்டாற்போலப் பளபளக்கும் செம்பழுப்பு நிறக் காளான்கள் அடுக்கடுக்காக முளைக்கின்றன. மணற்பாங்கான நிலத்திலும், கோடையில் நீரின்றி வறண்டு பராமரிப்புக் குன்றிய தோப்பிலும் நோய் கடுமையாகிறது.

இந்நோயைத் தடுக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்துகளுள் ஒன்று போர்டோ கலவை. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து பெறும் இக்கலவையின் பயனைப் பிரான்சு நாட்டு அறிஞர் மில்லார்டே 1885இல் வெளியிட்டார். திராட்சைக்கொடிகளைக் காத்த அக்கலவை உலகெங்கும் பரவியது. எனினும், அதிலுள்ள செம்பு மண்ணில் சிதைவடையாத தனிமம். ஆண்டுதோறும் ஊற்றினால் அது மண்ணிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். மண்புழுக்களுக்கும் நன்மைசெய்யும் நுண்ணுயிர்களுக்கும் கேடாகும். செயற்கைப் பூஞ்சைக்கொல்லிகள் சிலவற்றுக்குப் பூஞ்சைகள் காலப்போக்கில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடுகின்றன. ஆகவே, தன் பணியை முடித்ததும் தானே சிதைந்து மறையும் மருந்து ஒன்றை அறிஞர்கள் தேடினர். அத்தேடல் அவர்களைச் செடிகளின் மணத்திடம் கொண்டுசேர்த்தது.

செடிகள் ஏன் மணக்கின்றன?

துளசி இலையைக் கிள்ளினால் மணம் எழுகிறது. எலுமிச்சைப்புல்லைக் கசக்கினால் கையெல்லாம் மணக்கிறது. ஓமத்தை நசுக்கியவுடன் காரமான மணம் மூக்கில் ஏறுகிறது. இவை நமக்காகப் படைக்கப்பட்ட மணங்கள் அல்ல. செடியால் ஓட இயலாது, ஒளிய இயலாது. நின்ற இடத்திலேயே நின்று பூச்சியையும் பூஞ்சையையும் எதிர்கொள்ள வேண்டும். அதற்காக அது உருவாக்கிக்கொண்ட வேதிப்பொருள்களே பெரும்பாலும் நாம் நுகரும் மணங்களாக இருக்கின்றன. இலையின் நுண்மயிர்களிலும் பட்டையின் சுரப்பிகளிலும் அவை சேமிக்கப்பட்டுள்ளன. திசு காயம்பட்டவுடன் அவை வெளிப்பட்டுக் காயத்தின் வழியே நுழைய முயலும் நுண்ணுயிரைத் தடுக்கின்றன.

இம்மணப்பொருள்களின் தொகுப்பே நறுமண எண்ணெய். ஒவ்வொரு செடியின் எண்ணெயிலும் பற்பல வேதிப்பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஒன்றிரண்டே மேலோங்கி நின்று அதன் இயல்பைத் தீர்மானிக்கின்றன. கிராம்பெண்ணெயில் யூஜெனால் மேலோங்கியுள்ளது. ஓமத்தில் தைமால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், யூகலிப்டசு இலையில் சினியோல் ஆகியவை முதன்மை பெறுகின்றன. பல்வலிக்குக் கிராம்பை வைப்பதும், வயிற்று நோவுக்கு ஓமத்தீநீர் அருந்துவதும் இப்பொருள்களின் ஆற்றலை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தமைக்குச் சான்றுகள்.

தெரிந்து தெளிவோம்

எண்ணெய் இருவகைப்படும். வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவை நிலைத்த எண்ணெய்கள். தாளில் ஒரு துளி விட்டால் கறை நீங்காமல் நிற்கும்; செக்கில் ஆட்டிப் பிழிந்து அவற்றைப் பெறலாம். கிராம்பெண்ணெய், யூகலிப்டசு எண்ணெய் போன்றவை ஆவியாகும் எண்ணெய்கள். தாளில் விட்ட துளி சிறிது நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். இலையையோ மொட்டையோ நீராவியில் வேகவைத்து, எழும் ஆவியைக் குளிரச்செய்து அவற்றை வடித்தெடுக்கின்றனர். நறுமண எண்ணெய் எனப்படுவது இந்த இரண்டாம் வகையே.

பூஞ்சையை எண்ணெய் ஒடுக்கும் முறை

ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய படலம் சூழ்ந்துள்ளது. எது உள்ளே வரலாம், எது வெளியே செல்லலாம் என்பதை அப்படலமே முடிவுசெய்கிறது. அப்படலம் கொழுப்புப் பொருள்களால் ஆனது. நறுமண எண்ணெயின் பொருள்கள் நீரில் எளிதில் கரைவதில்லை; கொழுப்பில் எளிதில் கரைகின்றன. எனவே, பூஞ்சையிழையைத் தொட்டவுடன் அவை படலத்துக்குள் ஊடுருவி, அதன் ஒழுங்கான அடுக்கைக் குலைக்கின்றன. படலம் ஓட்டையான பானையைப்போல ஆகிவிடுகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலிய அயனிகள் வெளியே கசிகின்றன. உயிரணு தன் ஆற்றலை உருவாக்கும் வழி தடைப்படுகிறது. இழையின் வளர்ச்சி நிற்கிறது.

பூஞ்சையின் படலத்தை உறுதியாக வைத்திருப்பது எர்கோஸ்டீரால் என்னும் பொருள். மனித உடலின் உயிரணுக்களில் இதன் இடத்தில் கொலஸ்டிரால் உள்ளது. தைமால், யூஜெனால் போன்றவை எர்கோஸ்டீரால் உருவாவதையும் தடைசெய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குவதால், இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெறுவது பூஞ்சைக்கு எளிதன்று. ஒரேயொரு நொதியை மட்டும் குறிவைக்கும் செயற்கை மருந்துகளிலிருந்து இவை வேறுபடும் இடம் இதுவே.

ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றி

ஓர் எண்ணெயின் ஆற்றலை அளப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகாரும் சேர்ந்த ஊடகத்தில் எண்ணெயைக் குறிப்பிட்ட அளவு கலந்து, வட்டமான கண்ணாடித் தட்டில் ஊற்றுவர். நடுவில் பூஞ்சையின் சிறு துண்டு ஒன்றை வைப்பர். எண்ணெய் கலக்காத மற்றொரு தட்டிலும் அவ்வாறே வைப்பர். சில நாள்களில் எண்ணெய் இல்லாத தட்டில் பூஞ்சை வெண்ணிற வட்டமாக விரிந்து தட்டை நிரப்பும். எண்ணெய் கலந்த தட்டில் வட்டம் சிறுத்திருக்கும். அளவு போதுமானால் வளர்ச்சியே இராது. இரு வட்டங்களின் விட்டத்தையும் ஒப்பிட்டால் எண்ணெயின் ஆற்றல் தெரியும்.

இம்முறையில் கிராம்பு, இலவங்கப்பட்டை, ஓமம், எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் எண்ணெய்கள் பலவகைப் பூஞ்சைகளைக் குறைந்த அளவிலேயே ஒடுக்கியுள்ளன. தென்கிழக்கு ஆசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை அழித்துவரும் கானோடெர்மாவின் மீதும் இத்தகைய சோதனைகள் நடந்துள்ளன. இவற்றைக் காணும் எவருக்கும், மருந்து கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால், தட்டு வேறு, தோப்பு வேறு.

தட்டிலிருந்து தோப்புக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தென்னையின் ஊட்டமுறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மரத்தைச் சுற்றி ஏறத்தாழ 1.8 மீட்டர் ஆரத்துக்குள் அமைந்துள்ளன. அவ்வட்டத்தில் 60 சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ள மண்ணின் கனஅளவு சுமார் 6 கனமீட்டர். அதன் எடை ஏறத்தாழ 8,000 கிலோகிராம். ஆய்வகத் தட்டில் ஒரு கிலோ ஊடகத்துக்கு 1 கிராம் எண்ணெய் போதுமானதாக இருந்தது என்று கொள்வோம். அதே செறிவை மண்ணில் பெறுவதற்கு ஒரு மரத்திற்கு 8 கிலோ எண்ணெய் தேவை. எலுமிச்சைப்புல்லில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு எண்ணெய் கிடைப்பதாகக் கொண்டால், அந்த 8 கிலோவைப் பெற 2,000 கிலோ புல் வேண்டும். ஒரே மரத்துக்கு, ஒரே முறைக்கு இவ்வளவு! நூறு மரம் உள்ள தோப்புக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

செலவு மட்டுமே தடையன்று. முதலாவதாக, எண்ணெய் ஆவியாகிவிடுகிறது. மருந்துக்கு நற்பண்பாக நாம் கருதிய ‘தானே மறைதல்’, பல்லாண்டுகள் மண்ணில் பதுங்கியிருக்கும் பூஞ்சைக்கு முன்னால் குறையாக மாறுகிறது. இரண்டாவதாக, களிமண்ணும் மட்கும் எண்ணெயைத் தம்மோடு பற்றிக்கொள்கின்றன. ஊற்றியதில் ஒரு பகுதி பூஞ்சையைச் சென்றடைவதேயில்லை. மூன்றாவதாக, கானோடெர்மா கட்டைக்குள் மறைந்து வாழ்கிறது. மண்ணை நனைக்கும் மருந்து கட்டையின் உள்ளே புகுவது அரிது.

நான்காவது தடை நுட்பமானது. கொழுப்புப் படலம் பூஞ்சைக்கு மட்டும் உரியதன்று. தென்னையின் வேருக்கும் உண்டு. அளவு மிகுந்தால் எண்ணெய் வேரையும் சுட்டுவிடும். சில நாடுகளில் கிராம்பெண்ணெய் களைக்கொல்லியாகவே விற்கப்படுகிறது. மேலும், மண்ணில் நன்மைசெய்யும் பூஞ்சைகளும் உள்ளன. டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை கானோடெர்மாவின் இயற்கைப் பகை. பகையையும் நட்பையும் பிரித்தறியும் திறன் எண்ணெய்க்கு இல்லை. ‘இயற்கையானது’ என்பதற்குத் ‘தீங்கற்றது’ என்று பொருளில்லை என்பதை இங்கு நாம் உணர வேண்டும்.

புதிய வழிகள்

தடைகளை அறிந்ததால் அறிஞர்கள் முயற்சியைக் கைவிடவில்லை, வழியை மாற்றினர். எண்ணெயைப் பால்போன்ற மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலப்பது ஒரு வழி. நுண்ணுறைகளுக்குள் அடைத்து மெல்ல மெல்லக் கசியச்செய்வது மற்றொரு வழி. ஐரோப்பாவில் யூஜெனால், ஜெரானியால், தைமால் ஆகிய மூன்றையும் ஈஸ்ட் உயிரணுவின் கூட்டுக்குள் அடைத்து உருவாக்கிய மருந்து, திராட்சையின் சாம்பல்நிற அழுகலுக்கு எதிராகப் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. அது கனியின் மேற்பரப்பில் தெளிக்கப்படுவது என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்பரப்பில் கிட்டிய இவ்வெற்றியை மண்ணின் ஆழத்திற்குக் கொண்டுசெல்வதே இப்போதைய அறைகூவல்.

மூன்றாவது வழி, எண்ணெயை வடிக்காமல் செடியையே மண்ணுக்குள் அனுப்புவது. கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளில் காரப்பொருளின் மூலக்கூறும் அதனை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. செடி நசுங்கி ஈரம் பட்டவுடன் இரண்டும் கலந்து, கண்ணை எரிக்கும் கடுகெண்ணெய் ஆவி பிறக்கிறது. பூக்கும் தறுவாயில் கடுகுச்செடிகளை நறுக்கி மண்ணில் மடக்கி உழுதால், அவ்வாவி மண்ணின் இடுக்குகளில் பரவிப் பூஞ்சைகளை ஒடுக்குகிறது. செடியோ மட்கி எருவாகிறது. கன்று நடும் முன்பு நிலத்தைத் தூய்மைசெய்ய இத்தகைய முறை ஏற்றது. வளர்ந்த மரத்தின் வேர்களுக்கிடையே உழுவது கூடாது.

தோப்பைக் காக்கும் முறை

ஆகவே, நறுமண எண்ணெயை இன்று ஒரு துணைப்படை எனக் கொள்வதே பொருந்தும். முதன்மைப் பணியைத் தோப்பின் பராமரிப்பே செய்ய வேண்டும். நோயுற்று மடிந்த மரத்தை வேரோடும் அடிக்கட்டையோடும் தோண்டி அகற்றி எரிப்பது முதற்கடமை. நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டி, அதன் வேர்கள் அண்டை மரத்தைத் தொடாதவாறு பிரிக்க வேண்டும். ஒரு மரத்தின் பாத்தியிலிருந்து வழியும் நீர் அடுத்த மரத்துக்குச் செல்லாதபடி தனித்தனியே பாய்ச்ச வேண்டும். ஆண்டுக்கு மரமொன்றுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் 50 கிலோ தொழுவுரமும் இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அவற்றோடு டிரைக்கோடெர்மா போன்ற நன்மைசெய்யும் நுண்ணுயிர்களைக் கலந்து இடலாம். தோப்புக்குள் வாழையை ஊடுபயிராக வளர்ப்பதும் நோயைக் குறைக்கும்.

இம்முறையில் நறுமண எண்ணெய்க்கு உரிய இடங்களும் உண்டு. மண்ணின் அளவு சிறிதாக உள்ள நாற்றங்காலிலும் கன்றுப்பைகளிலும் எண்ணெயின் தேவை குறைவு. அங்கு அதனைச் சோதிப்பது நடைமுறைக்கு உகந்தது. அறுவைக்கருவிகளையும், தண்டில் செதுக்கிய காயங்களையும் தூய்மைசெய்வதற்கும் அதன் பயனை ஆராயலாம். நன்மைசெய்யும் நுண்ணுயிர்களை இடும் நாளில் எண்ணெயை ஊற்றலாகாது என்னும் வரிசைமுறையை மட்டும் மறத்தல் கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களில் எண்ணற்ற தென்னைகளை வீழ்த்தியதை நாடறியும். வீழ்ந்த மரத்தின் அடிக்கட்டை மண்ணிலேயே விடப்படுமாயின், அது கானோடெர்மாவுக்கு உணவாகக்கூடும். புயலுக்குப் பின் நட்ட கன்றுகள் இன்று காய்க்கும் பருவத்தை எட்டியுள்ளன. அவற்றின் வேர்களைக் காப்பது நம் தலைமுறையின் பொறுப்பு. ஆய்வகத் தட்டில் கண்ட வெற்றியை அப்படியே நம்பிவிடாமலும், தோப்பில் கண்ட தடையால் அதனைத் தள்ளிவிடாமலும், அளந்து பார்த்து, மீண்டும் சோதித்து, பயன்படும் இடத்தை மட்டும் தெரிந்துகொள்வதே அறிவியல் நெறி. மரத்தை நேசிப்பவர் வேரை நினைப்பர். வேரை நினைப்பவர் மண்ணைக் காப்பர்.

சொல்லும் பொருளும்

குரும்பை – தென்னையின் பிஞ்சுக்காய்
மயில்துத்தம் – செம்பின் நீலநிற உப்பு
பட்டறிவு – அனுபவ அறிவு
நொதி – உயிரணுவில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
மட்கு – இலைதழை மக்கியதால் உண்டாகும் உரம்
அறைகூவல் – சவால்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு அடுக்களையிலுள்ள மணப்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஆவியாகும் எண்ணெய் உடையவற்றைத் தாளில் தேய்த்துக் கண்டறிக.
2. இருதுண்டு ரொட்டியில் நீர் தெளித்து, ஒன்றைக் கிராம்புப் பொடியுடன் மூடிய புட்டியிலும் மற்றொன்றைப் பொடியின்றி மூடிய புட்டியிலும் வைத்து, பூஞ்சை தோன்றும் நாளைக் குறித்து ஒப்பிடுக. புட்டிகளைத் திறவாமல் உற்றுநோக்குக.
3. உங்கள் பகுதித் தென்னை உழவர் ஒருவரைச் சந்தித்து, வேர்நோயை அவர் எவ்வாறு அறிகிறார் என்பதைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

வினாக்கள்

குறுவினா
1. வேர்நோயின் கொடுமை அதன் மறைவில் இருப்பதாகக் கூறப்படுவது ஏன்?
2. நிலைத்த எண்ணெய்க்கும் ஆவியாகும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா
1. நறுமண எண்ணெய் பூஞ்சையின் படலத்தைக் குலைக்கும் முறையை விளக்குக.
2. கடுகுச்செடியை மண்ணில் மடக்கி உழுவதன் பயனை எழுதுக.

நெடுவினா
1. ‘தட்டு வேறு, தோப்பு வேறு’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் கணக்கையும் காரணங்களையும் கொண்டு நிறுவுக.